ஐம்பது அடிக் கோட்டுக்குக் கீழே

மலேசியாவில் எங்கள் சிலாங்கூர் ஆற்றுச் சமவெளியின் பழைய ஒரு அங்குல வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கிழக்கே பிரேசர் மலைப் பக்கம் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்து இடங்களைச் சேர்க்கிற கோடுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மேற்கே வர வர இடைவெளி விடும், பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டிக் கோலசிலாங்கூர் போகிற வழியில் ஆற்றோரமாகப் பார்த்தால் அநேகமாகக் கோடே இருக்காது. மிச்சம் இருப்பது ஆறு, அல்லூர் (வடிகால்), சாலை, தோட்டத்து எல்லை, தோட்டத்துப் பெயர், அவ்வளவுதான். மலையை வரைந்த ஆள் இங்கே வந்ததும் அலுத்துப்போய்ப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாரோ என்று தோன்றும்.

அலுக்கவில்லை. 50 அடிக்கு ஒரு கோடு என்று வைத்துக்கொண்டு வரைகிறபோது 50 அடிக்குக் கீழே உள்ளதெல்லாம் தாளில் ஒரே மட்டம். நாங்கள் அந்த முதல் கோட்டுக்குக் கீழே பிறந்து வளர்ந்தவர்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. எங்கள் தோட்டத்தில் மேட்டு லயம் என்று ஒன்று இருந்தது, பள்ளத்து லயம் என்று ஒன்று இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கால்பந்துத் திடல்தான் தூரம். வெள்ளம் வந்தால் மேட்டு லயத்துக்காரர்கள் சோறு வடிப்பார்கள், பள்ளத்து லயத்துக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே சாப்பிடப் போவார்கள். யாருக்குப் பெண் கொடுப்பது என்ற பேச்சில்கூட அந்த மேடும் பள்ளமும் வந்திருக்கிறது. அரசாங்க வரைபடத்தில் அந்த வித்தியாசம் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத வித்தியாசத்தைப் பற்றியது. நான் நில அளவைக்காரன் இல்லை, செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் எடைப்பாலத்தில் உட்கார்ந்து லோரி எடை குறிக்கிறவன். குலை ஏற்றி வருகிற டிரைவர்கள் பிளாக் நம்பரைச் சொல்வார்கள், அதே இடத்தை ஊரில் பெரியவர்கள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இரண்டையும் பொருத்திப் பார்க்கிற பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து பழைய வரைபடங்களுக்கு வந்தேன்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கதை அதிலேயே இருக்கிறது. ஒரு அங்குல வரைபடம் என்றால் தாளில் ஒரு அங்குலம் நிலத்தில் ஒரு மைல், அதாவது 63,360க்கு ஒன்று. 200 அடி நீளமுள்ள ஒரு லயத்தை அந்த அளவில் வைத்தால் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பம், முன்வாசல் திண்ணை, பின்பக்கம் வாழை, முருங்கை, மாட்டுக்கொட்டகை, தண்ணீர்க் குழாயடிச் சண்டை எல்லாம் அடக்கம். அச்சில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வரைகிறவர்கள் கட்டடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் போடுவார்கள், அப்படியும் அது ஒரு சின்னக் கறுப்புக் கட்டம்தான். துரை பங்களாவும் ஒரு கறுப்புக் கட்டம்தான், ஆனால் பங்களா எப்போதும் மேட்டில் இருக்கும், பக்கத்தில் ஒரு கோடாவது வளைந்து போகும்.

வரைபடம் யாருக்காக வரையப்பட்டது என்று கேட்டால் பதில் நேரடியானது. மலாயாவில் அளவை தொடங்கியதே நிலத்தைப் பிரித்துக் கொடுக்கவும் வரி வாங்கவும்தான். இன்றைய ஜூப்பெம், அதாவது மலேசிய நில அளவை, வரைபட இலாகா, 1885இல் ஜொகூரில் தொடங்கியதைத் தன் பிறப்பாகச் சொல்லிக்கொள்கிறது. 1910ஐ ஒட்டி ரப்பர் விலை வானத்துக்கு ஏறியபோது நிலம் கேட்டு வந்த மனுக்களை அளந்து முடிக்க ஆள் போதவில்லை. இலங்கையில் இருந்து யாழ்ப்பாணத் தமிழர்கள் ரயில்வேக்கு வந்த மாதிரி அளவை வேலைக்கும் வந்தார்கள். ஆக ஒரு பக்கம் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியும் கணக்குப் புத்தகமுமாக ஒரு தமிழர், இன்னொரு பக்கம் அவர் அளந்து எல்லைக்கல் நட்ட காட்டை அழித்துக் கித்தா (ரப்பர்) நட இன்னொரு தமிழர். இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போயிருப்பார்களா என்பது தனி ஆராய்ச்சி, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் தரையிலே சுமார் ஏழரை மைலுக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவை அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த அளவுகளை வைத்து, பூமி எவ்வளவு உருண்டை, துருவத்தில் எவ்வளவு தட்டை என்று ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் ஒரு கணக்குக் கொடுத்தார். மலாயா வரைபடங்கள் பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்டது அதே எவரெஸ்ட் கணக்கைத்தான், இங்கே கொஞ்சம் திருத்தி. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தது நம் பாட்டன்மார் மட்டும் இல்லை, அவர்கள் கால் வைத்த நிலத்தை அளந்த கணக்கும் அதே கரையில் இருந்துதான் வந்தது.

சரி, ஆற்றுக்கு வருவோம். சுங்கை சிலாங்கூர், அதாவது சிலாங்கூர் ஆறு, சுமார் 110 கிலோமீட்டர் ஓடுகிறது. மேலே கோலகுபு, நடுவில் எங்கள் ஊர், கீழே கோலசிலாங்கூர். கீழே இருக்கிறவனுக்கு மேலே என்ன நடந்தது என்று தெரியாமல் தன் ஊர் வரைபடம் புரியாது. 1883 அக்டோபர் 29 அன்று கோலகுபுவில் பழைய அணை உடைந்து ஊரை அடித்துக்கொண்டு போனது, மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்றுதான் பெயர். ஊரை மறுபடி கட்டினார்கள். ஆனால் சுற்றிலும் ஈயம், அதாவது டின், தோண்டிக் கழுவிய மணல் வண்டல் வண்டலாக ஆற்றில் இறங்கியது, ஆற்றின் தரை உயர்ந்தது, தரை உயர உயர சாதாரண மழைக்கே ஊருக்குள் தண்ணீர். 1926 பெருவெள்ளமும் வந்து சேர்ந்தது. கடைசியில் ஊரையே தூக்கி மேட்டுக்கு மாற்றினார்கள். புது ஊரைத் திட்டமிட்டவர் சார்ல்ஸ் ரீட், கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் நகரத் திட்ட அதிகாரி. அதுதான் கோலகுபு பாரு.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோலகுபுவில் கடைகளும் அரசாங்கக் கச்சேரியும் இருந்தன, அதனால் வெள்ளம் ஆவணமானது, வரைபடம் மாறியது, மேட்டில் புது ஊர் வந்தது. அதே தண்ணீர்தான் கீழே இறங்கி எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குள்ளும் வந்தது. இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று யாரும் தாளில் குறிக்கவில்லை, குறிக்க வேண்டிய தேவை தோட்டக் கணக்கில் வரவில்லை. ரப்பர்ப் பால் மரம் சில நாள் தண்ணீரில் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பதற்கு ஆபீஸில் கணக்கு இருந்திருக்கும், லயத்துக்குள் எத்தனை அடி தண்ணீர் என்பதற்கு இருந்திருக்காது.

தோட்டத்து ஆபீஸில் வேறு ஒரு வரைபடம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டிய பெரிய நீலத் தாள். ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது மரம் நட்ட பிளாக்குக்கும், நம்பர், நட்ட வருஷம், எத்தனை ஏக்கர், அல்லூர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அரசாங்கத் தாளைவிட அது பல மடங்கு விவரமானது. கம்பெனி கைமாறும்போது முதலில் காணாமல் போவதும் அதுதான். பல தோட்டங்களில் கிராணிமார்கள் (ஆபீஸ் எழுத்தர்கள்) வீட்டுக்கு எடுத்துப் போனது தப்பித்தது, ஆபீஸில் விட்டுப் போனது கரையானுக்கு.

அரசாங்க வரைபடங்களில் போருக்கு முன்பு வந்த தாளையும் 1950களில் வந்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய மாற்றம் தெரியும். நடுவில் நடந்தது சின்ன விஷயம் இல்லை. ஜப்பானியர் காலத்தில் மலாயாவின் சில பாதைகளில் தண்டவாளத்தைப் பிடுங்கி சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையைப் போட தோட்டங்களில் இருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள், 1943 அக்டோபரில் அது முடிந்தது. சயாமுக்குப் போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். தண்டவாளம் போனால் அடுத்த பதிப்பில் ரயில் கோட்டை அழித்துவிடுவார்கள். லயத்தில் பாதிக் கதவு மூடிக் கிடந்தாலும் கறுப்புக் கட்டம் அப்படியே இருக்கும்.

1948இல் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம். அதற்கப்புறம்தான் எங்கள் பள்ளத்தாக்கை உண்மையில் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கிறவர்களைத் தேடும் ராணுவத்துக்குப் பழைய தாள் போதவில்லை, ஆகாயத்தில் இருந்து படம் எடுத்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆம் ஸ்குவாட்ரன் சிங்கப்பூரில் இருந்து பறந்து அந்த வேலையைச் செய்தது. அந்தப் படையின் ஸ்பிட்பயர் விமானம் கடைசியாகப் பணிக்குப் பறந்ததே மலாயாவில் இப்படிப் படம் எடுக்கத்தான், 1954 ஏப்ரல் 1 அன்று. உலகப்போரில் பேர் வாங்கிய விமானம் கடைசியில் நம் காட்டைப் படம் பிடித்து ஓய்வு பெற்றது. ஒரு சிக்கல் என்னவென்றால் ஆகாயத்தில் இருந்து பார்த்தால் தரை தெரியாது, மரத்தின் தலைதான் தெரியும். மரம் எவ்வளவு உயரம் என்று உத்தேசித்துக் கழித்துத்தான் தரையின் உயரத்தைச் சொல்ல வேண்டும். மலையில் பத்தடி முன்னே பின்னே போனால் ஒன்றும் ஆகாது. ஆற்றோரத்தில் பத்தடி என்றால் ஒரு லயத்தின் கூரை.

அந்தக் காலத்து வரைபடத்தில் பத்தாங் காலி ஒரு சின்னப் பெயர். அதன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 1948 டிசம்பர் 12 அன்று ஆயுதம் இல்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள், சீனத் தொழிலாளர்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீரும் எங்கள் ஆற்றில்தான் வந்து சேர்கிறது.

காட்டில் இருப்பவர்களுக்கு உதவி போகாமல் தடுக்க 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. சுமார் 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். தோட்டத்துக்குள்ளேயே நடந்த மாற்றத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். போருக்கு முந்தைய தாளில் எங்கள் தோட்டத்தின் கறுப்புக் கட்டங்கள் ஆற்றோரமாகவும் காட்டோரமாகவும் நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன, அடுத்த தாளில் எல்லாம் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே கூட்டம். இதைப் பற்றிக் கேட்டபோது பால் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியம்மா தாளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது ஆத்தங்கரை லயம் தம்பி. நாங்க சின்னப் புள்ளைங்க. லோரியில சட்டி பானையெல்லாம் ஏத்திக்கிட்டு வந்தோம். ராத்திரி ஏழு மணிக்கு மேல வேலிக்கு வெளிய தல காட்ட முடியாது."

"வேலிக்குள்ள இடம் மேடா இருந்துச்சா பெரியம்மா, பள்ளமா?"

"மேட்டுல எடம் பத்தல லா. பத்தாததுக்குப் பள்ளத்துல கட்டிக் குடுத்தாங்க. வெளிச்சத்துல பாக்குற மாதிரி, போலீஸ் கொட்டாய்க்குப் பக்கமா இருந்தா போதும்னு."

பள்ளத்து லயம் எப்படிப் பள்ளத்துக்கு வந்தது என்பதற்கு அதற்கு முன்னால் எனக்குக் கிடைத்திருந்த பதில் ஒன்றே ஒன்றுதான்: "அது அப்பவே அங்கதான்". பெரியம்மா சொன்னதையும் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்தால் வேறு விஷயம் தெரிகிறது. காவலுக்கு வசதியான இடத்தில் ஆட்களை வைத்தார்கள், தண்ணீர் எங்கே ஏறும் என்பது அன்றைக்கு யாருக்கும் முதல் கேள்வி இல்லை. அவசரகாலம் 1960இல் முடிந்தது, வேலியைப் பிரித்தார்கள், லயம் அங்கேயே நின்றது. 1971 ஜனவரி வெள்ளத்தில் அந்த லயத்துக்காரர்கள் இரவோடு இரவாகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். எங்கள் அம்மா இன்றும் அதை மழையின் கதையாகத்தான் சொல்வார். அது கம்பிவேலியின் கதையும்கூட.

வரைபடத்தில் அதற்கப்புறம் வருகிற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். செம்பனை எங்கள் பக்கத்துக்குப் புதிது இல்லை, நாட்டிலேயே வியாபாரத்துக்காக முதலில் நட்டது இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆனாலும் கித்தா மொத்தமாகப் போய்ச் செம்பனை வந்தது ரொம்பப் பின்னால். இன்னொரு பக்கம் ஈயக் கப்பல்கள். தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்து, முன்னால் மண்ணை அள்ளிப் பின்னால் மணலைத் துப்பிக்கொண்டே நகர்கிற அந்த ராட்சசத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சத்தம் தெரியும். அது போன வழியில் பழைய வரைபடத்துக்கு மதிப்பே இல்லை, மேடு, பள்ளம், ஓடை எல்லாம் கலைந்து புது நிலம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தது, அடுத்தடுத்த வருஷங்களில் கப்பல்கள் நின்றன, ஈயக்குட்டைகள் மட்டும் மிச்சம். புதிய தாளில் ஊரைச் சுற்றி நீலத் திட்டுகளாகத் தெரிவது அதுதான். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அதே ஆற்றில் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் வைத்து இறைக்கிற தண்ணீர் கோலாலம்பூர் வரைக்கும் போகிறது. குழாயைத் திறக்கிற பட்டணத்து ஆளுக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லைதான்.

மெட்ரிக் முறைக்கு மாறி 50,000க்கு ஒன்று என்ற அளவில் வரைபடங்கள் வந்தபோது ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 20 மீட்டர் ஆனது. அதாவது 65 அடிக்கு மேல். தாள் புதிதாகப் புதிதாக எங்களுக்குக் கோடு இன்னும் தூரம் போய்விட்டது.

இனி நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். நாங்கள் என்றால் நானும், வீடு கட்டுகிற காண்ட்ராக்டர் நண்பர் ஒருவரும், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரும். பழைய தாளைப் பெரிதாக அச்செடுத்துப் பெரியவர்கள் முன்னால் விரித்தால் பாதிப் பேர் தடுமாறுவார்கள், வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் உலகத்தில் இல்லை. ஆகவே "இது எங்கே?" என்று கேட்பதை விட்டுவிட்டோம். "உங்க நெரை எந்தக் காட்டுல? ஸ்டோருக்குப் பால் தூக்கிட்டு வர எந்த வழி? வழியில எத்தனை பாலம்?" என்று கேட்டால் கதவு திறந்துவிடும். நிரை என்றால் ஒருவர் பால் வெட்டுகிற மர வரிசை, நிரை வெட்டியவருக்கு ஒவ்வொரு மரமும் தெரியும். விடிவதற்கு முன்பே கிளம்பி முன்னூறு, நானூறு மரத்தைச் சுற்றி வருகிற கால் அது. எந்த அல்லூரில் தண்ணீர் எப்போதும் நிற்கும், எங்கே சைக்கிளை இறங்கித் தள்ள வேண்டும், எங்கே மிதித்துக்கொண்டே ஏறலாம் என்று அவர்கள் சொல்வதைத் தாளில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தால் கோடு இல்லாத இடத்தில் மெதுவாக ஒரு மேடு எழும்பி வரும்.

அப்புறம் தண்ணீர். "வெள்ளம் எவ்வளவு?" என்றால் எல்லோரும் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார்கள், அதை நம்ப முடியாது. "எந்தப் படிக்கட்டு வரை? கோயில் மேடைக்கு ஏறுச்சா? கிணத்து வாய் மூழ்குச்சா?" என்று கேட்க வேண்டும். லயங்கள் போய்விட்டாலும் கோயில் மேடை இருக்கிறது, ஒரு கிணற்றுச் சுவர் இருக்கிறது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை புல்லுக்குள் இருக்கிறது, பழைய பள்ளிக்கூடத்தின் முதல் படி இருக்கிறது. செம்பனைக்கு நடுவே திடீரென்று ஒரு மாமரமும் இரண்டு முருங்கையும் நின்றால் அங்கே ஒரு வீட்டின் கொல்லை இருந்தது என்று அர்த்தம். இவற்றுக்கு நடுவே உயர வித்தியாசம் பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடி ரப்பர்க் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் ஆள் நின்று குறித்தால் போதும். நீளம் பத்தாத இடத்தில் நடுவில் ஆணி அடித்து, அங்கிருந்து அடுத்த தாவல். மெதுவான வேலை. வெயில், கொசு, குழாய்க்குள் காற்றுக் குமிழ் வந்தால் மறுபடியும் முதலில் இருந்து. ஆனால் அங்குலக் கணக்கில் வரும், 50 அடிக் கணக்கில் இல்லை. எங்கள் காண்ட்ராக்டர் இந்தக் குழாயை ரொம்பப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், தியோடலைட் வைத்திருப்பவர்கூட அவ்வளவு பெருமைப்படமாட்டார்.

இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டொரு விஷயம். பழைய தாளில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை அப்படியே எடுத்துக் கைபேசி வரைபடத்தில் போடாதீர்கள். பழைய தாள் கெர்தாவ் என்ற பகாங் மாநிலத்து அளவை நிலையத்தைத் தொடக்கமாக வைத்து, மேலே சொன்ன எவரெஸ்ட் கணக்கில் வந்தது, கைபேசி வேறு கணக்கில் ஓடுகிறது. இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், உங்கள் லயம் ஆற்றுக்குள் போய் விழுந்தாலும் விழும். மாற்றிக் கொடுக்க இலவச மென்பொருள் இருக்கிறது, கியூஜிஐஎஸ் போதும். இல்லாவிட்டால் மாறாத இரண்டு மூன்று இடங்களை, ஒரு பாலம், ஒரு சாலைச் சந்திப்பு, பொருத்திக்கொண்டு படத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். ஆற்று வளைவை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள், ஆறு நகரும். நிலவரைபடம் நம் நாட்டில் இன்றும் கொஞ்சம் கட்டுப்பாட்டோடு கிடைக்கிற பொருள், புதிய தாள்களுக்கு மனு போட வேண்டும். பழைய மலாயா வரைபடங்களைத் தேட சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளமும் ஆஸ்திரேலியத் தேசிய நூலகமும் நல்ல இடங்கள். நம் தோட்டத்தைப் பார்க்க ஆஸ்திரேலியா வழியாகப் போவது வேடிக்கைதான், ஆனால் வீட்டில் இருந்தபடியே போகலாம்.

கோயில் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்துக் கோயில் எந்த வருஷத்தில் இருந்து இருக்கிறது என்ற கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது, நிலம் கைமாறும்போது எழுகிறது, சாலை அகலப்படுத்தும்போது எழுகிறது. உடனே யாராவது பழைய வரைபடத்தைக் காட்டி இதில் இல்லையே என்பார்கள். லயமே ஒரு மில்லிமீட்டர் இல்லாத தாளில் மரத்தடியில் சூலம் நட்ட முனியாண்டி எப்படி வருவார்? தாளில் இருந்தால் அது நல்ல சாட்சி. தாளில் இல்லை என்பது எதற்கும் சாட்சி இல்லை, அந்த அளவுக்கு அவர்கள் குனிந்து பார்க்கவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சுடுகாட்டுக்கும் இதே கதை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் வீடு கேட்டு வருஷக்கணக்கில் அலைகிறபோது, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை இங்கே இருந்தது என்று சொல்ல அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பிறப்புப் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும்தான். நல்லவேளையாகப் பல தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறிய பிறகும் பழைய தோட்டத்துப் பெயரை வைத்திருக்கின்றன. பள்ளியின் பெயர்ப்பலகையில் இன்னும் இருக்கிற தோட்டம் வரைபடத்தில் எப்போதோ போய்விட்டது.

இவ்வளவு சொன்னாலும் பழைய வரைபடக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சதுப்பில் முழங்கால் அளவு நடந்து, அட்டைக் கடியோடு அவர்கள் வைத்த ஆற்று வளைவும் பாலமும் இன்றைக்கும் பொருந்துகின்றன. அந்தச் சட்டகம் இல்லாவிட்டால் பெரியம்மா சொல்வதை எங்கே கொண்டுபோய் மாட்டுவது? அவருடைய நினைவில் உயரம் துல்லியமாக இருக்கிறது, தூரம் இல்லை. தாளில் தூரம் துல்லியம், உயரம் இல்லை. இரண்டும் ஒரே மேஜையில் சேர்ந்தால்தான் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிறது. தாள் நூறு வருஷம் கழித்தும் ஏதோ ஒரு காப்பகத்தில் கிடைக்கும். பெரியவர்கள் விஷயம் அப்படி இல்லை, போன தீபாவளிக்குப் பேசியவரை இந்தத் தீபாவளிக்குத் தேடிப் போனால் வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருக்கிறது.

2021 டிசம்பரில் சிலாங்கூர் முழுக்க வெள்ளம் வந்தபோது எங்கள் பக்கம் தண்ணீர் ஏறிய இடங்களையும் இப்போது சேர்த்து வருகிறோம். இதற்குக் கைபேசிப் படங்கள் இருக்கின்றன, வேலை சுலபம் என்று நினைத்தேன். படத்தில் தண்ணீர் தெரிகிறது, எந்த இடம் என்று தெரியவில்லை, எல்லாம் செம்பனை, எல்லாம் ஒரே மாதிரி. கடைசியில் படத்தைப் பெரியவர்களிடம்தான் காட்ட வேண்டியிருக்கிறது. 71 வெள்ளம்தான் பெரிது என்று ஒரு கட்சி, 2021தான் பெரிது என்று இன்னொரு கட்சி. கோயில் மேடையின் மூன்றாம் படியா நான்காம் படியா என்பதில் பெரியம்மாவுக்கும் முன்னாள் மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. மேடைக்கு நடுவில் ஒருமுறை சிமெண்டு பூசி ஒரு படியை மூடியிருக்கிறார்கள் என்று காண்ட்ராக்டர் சொல்கிறார். பூசாரியிடம் அனுமதி கேட்டிருக்கிறோம், ஆடித் திருவிழா முடிந்ததும் ஓரத்தில் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.